பதினெட்டு எம்.எம். குட்டை

சீட்டே இல்லாத ஒரு சைக்கிளைச் செய்து தரச் சொல்லி என் தங்கை வந்து நின்றபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவளுக்கு வயது முப்பத்து நான்கு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர். விசிலை வாயில் வைத்தாளென்றால் மைதானம் முழுக்க மூச்சுக் காட்டாமல் வரிசையில் நிற்கும். அப்படிப்பட்டவள் ராஜபாளையத்தில் என் வீட்டு வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"உக்காரவே எடமில்லாத சைக்கிள வச்சு என்னட்டி செய்யப்போற?" என்றேன்.

"உக்காந்து ஓட்டுறது சைக்கிள்ணே. நின்னுக்கிட்டே ஓட்டுறது டிரையல்ஸ்."

அந்த வார்த்தையையே நான் அன்றுதான் கேட்டேன். போனில் காட்டினாள். வெளிநாட்டில் எங்கோ ஒரு பெண் பாறைமேல் சைக்கிளோடு நிற்கிறாள். இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்து, பின்சக்கரத்தில் மட்டும் நின்று, தத்தித் தத்தி அடுத்த பாறைக்குத் தாவுகிறாள். வேகம் கிடையாது. முந்துவது கிடையாது. கால் கீழே படாமல் கல்லையும் மரக்கட்டையையும் சுவரையும் கடக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. இவளுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று தோன்றியது. அதைச் சொல்லவும் செய்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

அவள் ஏற்கெனவே ஒரு வருடமாகப் பள்ளிக்கூட மைதானத்தில், பிள்ளைகள் வீட்டுக்குப் போனபிறகு, ஒரு கியர் சைக்கிளின் சீட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பழகிக்கொண்டிருந்தாளாம். மேடைப் படியில் ஏறுவாளாம். மூன்றாவது படிக்குமேல் முன்சக்கரம் வர மாட்டேன் என்கிறது என்றாள். சரி, பார்ப்போமே என்று அடுத்த வாரம் போனேன். அவள் முழு பலத்தையும் கொடுத்து ஹேண்டில்பாரை இழுத்தாள். சைக்கிள் அசைந்து கொடுக்கவில்லை. குற்றம் அவளிடம் இல்லை என்று எனக்குப் பார்த்த உடனே தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது. அதை இங்கே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு எனக்கு அது தெரியாமல் போய்விட்டது.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் ஃபிட்டர். இருபது வருடத்துக்குமேல் ஆகிறது. எந்த மெஷினைப் பார்த்தாலும் எது எதிலிருந்து எவ்வளவு தூரம் என்றுதான் முதலில் கண் போகும். அந்தக் கண்ணோடு பார்த்தால் சைக்கிளில் விஷயம் ரொம்ப எளிது. முன்சக்கர அச்சையும் பின்சக்கர அச்சையும் ஒரு நூலால் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண சைக்கிளில் பெடல் சுற்றுகிற அச்சு அந்த நூலுக்குக் கீழே இருக்கும். அதனால் ஓட்டுகிற ஆள் சைக்கிளுக்கு உள்ளே இருக்கிறார். கொஞ்சம் ஆடினாலும் அது தானே நிமிர்ந்துகொள்ளும். டிரையல்ஸ் சைக்கிளில் பெடல் அச்சு அந்த நூலுக்கு மேலே ஏறி இருக்கும். ஆள் சைக்கிளுக்குமேல் நிற்கிறார், ஸ்டூல்மேல் ஏறி நிற்பதைப்போல. எந்தப் பக்கம் நினைத்தாலும் சாயும். சாய வேண்டும் என்றுதான் அப்படிச் செய்வதே.

அடுத்தது பின்பக்க நீளம். பின்சக்கரத்தைப் பெடலுக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுவருகிறோமோ அவ்வளவு லேசாக முன்சக்கரம் மேலே வரும். அதற்கு எதிர்ப்பக்கம் முன்பக்க நீளம். முன்சக்கரம் தள்ளி இருக்கத் தள்ளி இருக்க, மேலே வந்தது அடங்கி நிற்கும். பின்சக்கரத்தில் நிற்கிற ஆள் மல்லாக்க விழாமல் இருப்பது அந்த நீளத்தை நம்பித்தான். பின்பக்கம் குட்டை, முன்பக்கம் நெடுசு. அந்தக் கணக்கை வைத்துத்தான் மொத்த சைக்கிளும்.

இதெல்லாம் புரிந்ததும் எனக்கே ஆசை வந்துவிட்டது. என் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வெல்டிங் மெஷின் இருக்கிறது. மெல்லிய ஸ்டீல் குழாய் கிடைத்தது. இருபது இஞ்சு சக்கரம் இரண்டைத் தங்கை கொண்டுவந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போனைப் பார்த்து அளவுகளை வாசிக்க வாசிக்க, நான் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். மொத்தம் நாலே நாலு அளவுதான். பெடல் அச்சிலிருந்து பின் அச்சு 350. பெடல் அச்சு, அந்த நூலிலிருந்து மேலே 90. ஹேண்டில்பார் நிற்கிற கழுத்துக் குழாயின் சரிவு 72 டிகிரி. இரண்டு சக்கரத்துக்கும் மொத்த இடைவெளி 1010.

"ஆயிரத்துப் பத்துல முந்நூத்தம்பது போனா அறுநூத்தறுவது," என்று நான் சொன்னேன்.

"அம்புட்டுத்தானாண்ணே?" என்றாள் அவள்.

"அம்புட்டுத்தான். மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

அந்த இடத்தில்தான் கோட்டை விட்டேன். இருபது வருடமாக நான் மில்லில் போடுகிற கணக்கு அது. கை தானாகப் போட்டுவிட்டது. பெடல் அச்சிலிருந்து டேப்பைப் பிடித்து 660-இல் முன்சக்கர அச்சைக் குறித்தேன், அந்தக் குறியின்மேல் குழாயை வைத்துப் பற்றவைத்தேன். முடித்த பிறகு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, டேப்பைப் பின் அச்சிலிருந்து முன் அச்சுக்கு நேராக இழுத்துப் பார்த்திருக்கலாம். மில்லில் நாங்கள் அப்படிப் பார்ப்பதில்லை.

முதல் நாள் அவள் அதில் ஏறி நின்றபோது பார்த்திருக்க வேண்டும். லேசாக இழுத்தாள். முன்சக்கரம் அப்படியே மேலே வந்தது.

"அண்ணே, அது தானா வருதுண்ணே!" என்று கத்தினாள். "நான் ஒண்ணுமே செய்யல, தானா வருது!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் போனவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். தானாக வந்ததுதான் நோய் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. அசல் டிரையல்ஸ் சைக்கிளைத் தொட்டுப் பார்த்தவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் யார் இருக்கிறார்கள்?

அதற்குப் பிறகு பதினைந்து நாள். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் முடிந்ததும் அவள் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிடுவாள். சைக்கிளை நான் அங்கேயே வைத்திருந்தேன். கொட்டகைக்கு முன்னால் மரப் பலகை அடுக்கு இரண்டைப் போட்டு, நடுவில் இடைவெளி விட்டேன். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ வேண்டும். அவள் பின்சக்கரத்தில் எழும்புவாள். இரண்டு தத்தல் தத்துவாள். மூன்றாவதில் சைக்கிளை விட்டுவிட்டுப் பின்பக்கமாகக் குதித்து இறங்கிவிடுவாள். சைக்கிள் முன்னால் பாய்ந்து போய் விழும். ஒவ்வொரு தடவையும் அதேதான். தாவ வேண்டிய நொடியில் ஆள் பின்னால் போய்விடுவாள்.

எனக்கு மூக்குக்குமேல் கோபம் வரும். கஷ்டப்பட்டுச் செய்த சைக்கிள் இப்படிப் போய் மோதுகிறதே என்று ஒரு கோபம். அதைவிட, இவ்வளவு நல்ல சைக்கிளைக் கொடுத்தும் இவள் இப்படிச் செய்கிறாளே என்று. "பின்னால சாயாதட்டி! பயப்படாத! உடம்ப முன்னால குடு!" என்று கத்துவேன். அவள் உடம்பை முன்னால் கொடுப்பாள். கொடுக்க அங்கே இடம் இருந்தால்தானே? ஹேண்டில்பார் ஏற்கெனவே அவள் வயிற்றுப் பக்கம் வந்து நின்றது. அதை நான் பார்க்கவில்லை. பார்க்கிற கண்ணை எங்கே வைத்திருந்தேனோ. "பயந்தாங்கொள்ளி" என்றேன். "பி.டி. டீச்சர்னு வெளிய சொல்லிக்கிடாத" என்றேன். முதல் நாலைந்து நாள் அவள் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் தட்டை வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை சண்டை முற்றிவிட்டது. இடைவெளியைக் குறைத்துப் போடவா என்று நக்கலாகக் கேட்டேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றாள்.

"நாளைக்கு ஆத்துப் பாறையில தாண்டுறேன். மரப்பலகையில விழுந்தா வலிக்காதுங்கிற தைரியத்துலதான் நான் ஏமாத்துறேன்னு தோணுது. பாறையின்னா தாண்டித்தான ஆகணும்?"

"நீயா? கிழிச்ச."

அதுதான் நான் கடைசியாகச் சொன்னது. அவள் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி, இரண்டையும் அன்று தான் ஓட்டி வந்திருந்த ஸ்கூட்டியில் கட்டி, ஊருக்குக் கொண்டுபோய்விட்டாள்.

மறுநாள் ஞாயிறு எனக்குக் காலை ஷிப்ட். பருத்தி ஓடிய ஒரு ரிங் ஃபிரேமைப் பாலியெஸ்டருக்கு மாற்ற நிறுத்தியிருந்தார்கள். ரிங் ஃபிரேம் என்பது பஞ்சுத் திரியை இழுத்து மெலிய வைத்து நூலாக்குகிற மெஷின். இழுக்கிற வேலையை மூன்று வரிசை ரோலர்கள் செய்கின்றன. ஒரு சரிவான தாங்கியில் முன் ரோலர், நடு ரோலர், பின் ரோலர் என்று ஏறுவரிசையில் இருக்கும். இழை நீளமாக இருந்தால் ரோலர்களை விலக்கி வைக்க வேண்டும். முன்னிலிருந்து நடுவுக்கு இவ்வளவு, நடுவிலிருந்து பின்னுக்கு இவ்வளவு என்று கேஜ் என்கிற அளவுக்கட்டையை வைத்துப் பிடிப்போம். இரண்டையும் கூட்டினால் மொத்தம். மொத்தத்தில் ஒன்றைக் கழித்தால் மற்றது. மொத்தத்தை யாரும் தனியாக அளந்து பார்ப்பதில்லை. தேவையே இல்லை.

ஏழரை மணி இருக்கும். நான் குனிந்து நடு ரோலருக்கும் பின் ரோலருக்கும் நடுவில் கேஜைச் செருகினேன். மூன்று ரோலரும் கண்ணுக்கு நேராக, ஒரே கோட்டில், ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. ஒரே கோட்டில். கை அப்படியே நின்றுவிட்டது.

ஒரே கோட்டில் இருப்பதால்தான் கூட்டினால் மொத்தம் வருகிறது. சைக்கிளில் பெடல் அச்சு கோட்டில் இல்லை. தொண்ணூறு எம்.எம். மேலே ஏறி நிற்கிறது. நான் பின் அச்சிலிருந்து மேலே ஏறிப் பெடலுக்குப் போய், அங்கிருந்து இறங்கி முன் அச்சுக்கு வந்திருக்கிறேன். ஏறி இறங்கின வழியை ஆயிரத்துப் பத்து என்று வைத்துவிட்டேன். அப்படியானால் நேர்வழி ஆயிரத்துப் பத்து இருக்காது.

மெஷின் மூடியின்மேல் சாக்பீஸால் எழுதினேன். போனில் கணக்குப் போட்டேன். இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன். 992 என்று வந்தது. மறுபடி போட்டேன். 992. பதினெட்டு எம்.எம். குட்டை. என் கட்டைவிரல் அகலம்கூட இல்லை. ஆனால் குறைந்தது அவ்வளவும் முன்பக்கத்தில் குறைந்திருந்தது. மல்லாக்க விழாமல் பிடித்துக்கொள்ள வேண்டிய பக்கத்தில்.

முன்சக்கரம் தானாக வருகிறதென்று அவள் கத்தியது ஞாபகம் வந்தது. பதினைந்து நாளாக அவள் பயந்து பின்னால் சாயவில்லை. சைக்கிள் அவளைப் பின்னால் தள்ளியிருக்கிறது. அவள் ஒவ்வொரு தடவையும் சரியான நேரத்தில் குதித்துத் தப்பித்திருக்கிறாள். பலகையில் குதித்தால் பின்னால் தரை இருக்கிறது. பாறையில் பின்னால் என்ன இருக்கும்?

அவளுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அவள் வீட்டுக்காரருக்குப் போட்டேன்.

"ஆறரைக்கே போயிட்டா மச்சான்," என்றார் அவர். "அய்யனார் கோயில் ஆத்துக்கு. நீங்களும் வருவீங்கன்னுல்ல சொன்னா?"

"நான் வாரேன்னு சொன்னாளா?"

"ஆமா. அண்ணன் வந்து பாக்கணும்னு சொல்லிக்கிட்டேதான் போனா. ஏன் மச்சான், என்ன விசயம்?"

"ஒண்ணுமில்ல மாப்ள, பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டேன். அப்போதே அவரிடம் சொல்லியிருக்கலாம்.

மேஸ்திரியிடம் வயிற்றைக் கலக்குகிறது என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் மறுபேச்சுப் பேசவில்லை. பைக்கை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜபாளையத்தைக் கடப்பதற்குப் பொறுமை வேண்டும். கறிக்கடை வாசல் ஒவ்வொன்றிலும் பாதி ரோட்டை வண்டிகள் அடைத்திருந்தன. ஊரைத் தாண்டி மேற்கே திரும்பினால், அருவிக்குக் குளிக்கப் போகிற வேன்கள். அண்டாவும் அடுப்புமாகக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். மாந்தோப்புக்கு நடுவில் அந்த ரோடு ஒடுங்கிப் போகும். முன்னால் போன வேன் வழிவிடவில்லை. ஆரனை அழுத்திக்கொண்டே போனேன். பின்சீட்டில் இருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "செத்த நேரம் பொறுங்க தம்பி, சாமி எங்கயும் போயிறாது" என்றாள். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

வழியெல்லாம் மனசு ஒரே இடத்தில் சுற்றியது. அவள் தாவுகிறாள், பின்சக்கரம் அந்தப் பாறையில் படுகிறது, முன்சக்கரம் தானாக மேலே வருகிறது. அதற்குமேல் நினைக்காமல் இருக்க, எதிரே வருகிற வண்டி நம்பரை வாய்விட்டு வாசித்துக்கொண்டு போனேன். கழுத்து, முதுகெலும்பு என்று இரண்டு வார்த்தைகள் அதையும் மீறி வந்துகொண்டே இருந்தன. அவளுக்கு இரண்டு பெண்பிள்ளைகள்.

வனத்துறை செக்போஸ்ட்டுக்கு முன்பே ஆற்றுக்குள் இறங்க ஒரு வண்டித்தடம் இருக்கிறது. அங்கே அவள் ஸ்கூட்டி நின்றது. பைக்கை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு ஓடினேன். ஒரு மருதமரத்தைத் தாண்டினால் பாறை தெரியும். மரத்தருகில் போனதும் அவளைப் பார்த்தேன். சிவப்பு ஹெல்மெட். பாறைமேல், பின்சக்கரத்தில் நின்று தத்திக்கொண்டிருந்தாள். எதிர்ப்பாறைக்கு நாலடி இருக்கும். நடுவில், ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே, கணுக்கால் தண்ணீரும் கூழாங்கல்லும்.

கத்த வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். பின்சக்கரத்தில் நிற்கிறவளைத் திடீரென்று கூப்பிட்டால் அதுவே கவிழ்த்துவிடும். இது எனக்குத் தெரியும். அவள்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். மரத்தோடு ஒட்டி நின்றேன். அவள் விளிம்புவரை தத்தி வந்தாள். நின்றாள். முன்சக்கரத்தை இறக்கி, பின்னால் போய்விட்டாள். எனக்கு உயிர் வந்தது. மறுபடி வந்தாள். விளிம்பு. மறுபடி போனாள். பயப்படு, தாயே, பயப்படு என்று நான் முனகிக்கொண்டிருந்தேன். மேலே இருக்கிற அய்யனாரிடம் இதைத்தான் கேட்டேன், என் தங்கச்சிக்கு நல்லாப் பயத்தைக் கொடு என்று.

மூன்று தடவை அவள் சைக்கிளைப் படுக்க வைத்துவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஒரு தடவை பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். ஒரு தடவை கையுறையைக் கழற்றி ஊதிக்கொண்டாள். அப்போது கூப்பிட்டிருக்கலாம். இரண்டு கால் எடுத்து வைத்து, "ஏட்டி, போதும், சைக்கிள் தப்பு" என்று சொன்னால் முடிந்தது. நான் சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். சைக்கிள் தப்பு என்பதா, அளவு கொஞ்சம் முன்னப் பின்னப் போயிருச்சு என்பதா, போனில் இருந்த அளவே சரியில்லை போல என்பதா. பதினைந்து நாள் திட்டினதை எந்த வார்த்தையில் திரும்ப எடுப்பது? அவளே அலுத்துப்போய் வீட்டுக்குக் கிளம்பிவிட்டால், பின்னால் சாவகாசமாக ஃபிரேமை அறுத்துச் சரிசெய்துவிட்டு, 'கொஞ்சம் மாத்திருக்கேன்' என்று கொடுத்துவிடலாம் என்றுகூட ஒரு யோசனை ஓடியது. மூன்றாவது தடவை அவள் உட்கார்ந்திருந்து எழுந்தபோது, எனக்கு ஏறக்குறைய நிம்மதியாக இருந்தது. கிளம்பப் போகிறாள் என்று நினைத்தேன்.

எழுந்தவள் திரும்பினாள். என்னைப் பார்த்துவிட்டாள்.

அவள் முகம் அப்படி மலரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான் வரமாட்டேன் என்று நினைத்திருந்தாள் போலிருக்கிறது. கையை உயர்த்தினாள், 'இரு, பாரு' என்பதுபோல. நான் கையை ஆட்டினேன், வேண்டாம் வேண்டாம் என்று. நான் பதிலுக்குக் கையசைப்பதாக அவள் எடுத்துக்கொண்டாள். ஏறினாள். நான் ஓட ஆரம்பித்தேன். அவள் ஒரே ஒரு தத்தல் தத்தினாள். தாவினாள்.

நன்றாகத்தான் தாவினாள். பின்சக்கரம் எதிர்ப்பாறையில் முழுசாக இறங்கியது. ஒரு நொடி எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் முன்சக்கரம், யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி, மேலே, இன்னும் மேலே போனது. அவள் உடம்பு முழுவதையும் முன்னால் கொடுத்தாள். நான் பதினைந்து நாளாகக் கத்தினேனே, அப்படியே கொடுத்தாள். அது போதவில்லை. மல்லாக்க, நடுவிலிருந்த பள்ளத்துக்குள் விழுந்தாள்.

நான் தண்ணீருக்குள் இறங்கிப் போனபோது கண் திறந்துதான் கிடந்தாள். ஹெல்மெட்டின் பின்பக்கம் நீளமாகக் கீறியிருந்தது. இடது கை இருக்கக் கூடாத விதத்தில் இருந்தது. காலை அசைக்கச் சொன்னேன். அசைத்தாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, நான் பயப்படல. பாத்தேல்ல? இந்தத் தடவ பயப்படவே இல்ல."

"பாத்தேன்ட்டி, பாத்தேன்" என்றேன்.

அருவிக்குப் போன வேன்காரர் ஒருவர் சாமான்களை ரோட்டோரம் இறக்கிவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. முதுகுக்கு ஒன்றுமில்லை. ஆனால் இடுப்புக்குக் கீழே, வால் எலும்புப் பக்கம், பச்சையும் மஞ்சளுமாகப் பழைய அடி இருக்கிறதே, அது எப்போது பட்டது என்று நர்ஸ் கேட்டார்கள். பத்து நாளாச்சு, உட்கார்ந்தால் உயிர் போகிறது என்றாள் அவள். நின்றுகொண்டே சாப்பிட்டது எதனால் என்று எனக்கு அப்போது விளங்கியது.

மாவுக்கட்டுப் போட டாக்டர் வருவதற்குக் காத்திருந்தபோது சொன்னேன். கூட்டிக் கழித்துச் சொல்லவில்லை. ரோலர், பெடல் அச்சு, 992, எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு சைக்கிளில், சைக்கிள் தப்பு என்னால் என்று சொன்னேன். அவள் நல்ல கையின் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தாள்.

"இம்புட்டா?"

"இதுக்கும் கொஞ்சம் கம்மி."

அவள் கண்ணிலிருந்து வழிந்தது. "எனக்கு வயசாயிருச்சு, ஒடம்புல பயம் ஏறிருச்சுன்னு நெனச்சேண்ணே. பள்ளிக்கூடத்துல பிள்ளையள 'பயப்படாத'ன்னு சொல்லுறதுக்கே கூச்சமா இருந்துச்சு. வேலைய விட்டுரலாமான்னுகூட யோசிச்சேன்" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"காலையில. ஏழரைக்கு. அதச் சொல்லத்தான் ஓடியாந்தேன்."

"அப்பொறம் ஏன் கூப்புடல? மரத்தடியிலதான நின்ன?"

"நீ பின்சக்கரத்துல நின்ன. கத்துனா விழுந்திருவன்னு..."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு தலையாட்டினாள். "நல்லவேள கத்தல. கத்தியிருந்தா தலகுப்புறப் போயிருப்பேன், தலையில பட்டிருக்கும்" என்றாள். சொல்லிவிட்டு நல்ல கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஃபிரேமை அறுத்து முன்பக்கத்தைப் புதிதாகச் செய்தேன். பற்றவைத்த பிறகு அச்சிலிருந்து அச்சுக்கு டேப்பை இழுத்து மூன்று தடவை அளந்தேன். ஆயிரத்துப் பத்து. கட்டுப் பிரித்து, கை தேறி, அவள் ஏறி நின்றபோது முன்சக்கரம் தானாக வரவில்லை. அவள் கூப்பிட்டால் வந்தது, அவள் சொன்ன இடத்தில் நின்றது. மூன்றாவது நாளே பலகை இடைவெளியைத் தாண்டினாள். நாலு மாதம் கழித்து அந்த ஆற்றுப் பாறையையும் தாண்டினாள்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் என்னையும் கூட்டிப் போகிறாள். நான் இல்லாவிட்டால் ஏற மாட்டாளாம். அவளோடு பழக வருகிற டீச்சர்கள் இரண்டு பேரிடம் என்னைக் காட்டி, "அன்னைக்கு எங்கண்ணன் மட்டும் அவசரப்பட்டுக் கத்தியிருந்தா நான் இன்னைக்கு இல்ல. அம்புட்டுப் பதட்டத்துலயும் வாயத் தெறக்காம நின்னுச்சு" என்கிறாள். அவள் வீட்டுக்காரரும் அப்படியே நம்புகிறார். நான் சாந்தமாகிவிட்டேன் என்று மில்லில்கூடப் பேசிக்கொள்கிறார்கள். அவள் விளிம்புக்கு வரும்போதெல்லாம் வாயைத் திறக்காமல் நிற்கிறேன். சைக்கிளைக் கிடத்திவிட்டு அவள் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது, அன்றைக்கு இப்படி மூன்று தடவை உட்கார்ந்தபோதும் கூப்பிடாமல் நின்றதை இப்போது சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போகிறேன். "என்னண்ணே?" என்று நிமிர்ந்து பார்ப்பாள். பாட்டிலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுகிறேன்.